யாருடைய கையெழுத்து? சென்னை இளைஞர்களைக் காலநிலை அரசியலுக்குள் அழைத்துப் போக ஒரு முழு வழிகாட்டி

முதல் தடவை நான் செய்தது படுதோல்வி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 42 பேர், ஒரு வாடகை பஸ், ஞாயிற்றுக்கிழமை, எண்ணூர் முகத்துவாரம். சாம்பல் படிந்த ஆற்றைக் காட்டினேன், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைக் காட்டினேன், வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை நிறுத்திப் பேச வைத்தேன். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். எல்லாரும் செல்ஃபி எடுத்தார்கள். மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் கருத்துப் படிவம், அதில் அநேகமாக எல்லாருமே 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வந்தது மூன்று பேர், அதிலும் ஒருவர் கிடார் வகுப்பு என்று நினைத்து மாடி மாறி வந்தவர்.

பிள்ளைகள் மேல் குறை இல்லை. ஒரு பெரிய துக்கத்தை அவர்கள் தலையில் இறக்கி வைத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று நான் சொல்லவே இல்லை. ஆற்றைக் காட்டினேன்; அந்த ஆறு அப்படி ஆவதற்கு எந்த மேஜையில், எந்தக் காகிதத்தில், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று காட்டவில்லை. இப்போது நான் எந்த நடைக்கு, எந்த விளையாட்டுக்கு, எந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாலும் கடைசிக் கேள்வி ஒன்றுதான்: இதில் யாருடைய கையெழுத்து இருக்கிறது? கீழே எழுதியிருப்பது முழுக்க அந்தக் கேள்வியை நோக்கிப் பிள்ளைகளை நகர்த்துவதற்கான வழி. பள்ளி ஆசிரியர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், குடியிருப்போர் சங்கத்தில் கொஞ்சம் துடிப்பாக இருக்கும் ஆள், கல்லூரி மாணவர், யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெரிய பணம் தேவையில்லை. பொறுமை தேவை, அதுவும் நிறைய.

'அரசியல்' என்ற சொல்லை ஒளித்து வைக்காதீர்கள்

'அரசியலா? வேண்டாங்க, பையன் படிக்கணும்' என்று பெற்றோர் சொல்வார்கள். இதற்குப் பயந்து நான் ஒரு வருஷம் அழைப்பிதழில் 'சுற்றுச்சூழல் விழிப்புணர்வு' என்று போட்டேன். நடுவில் ஒரு அப்பாவுக்கு விஷயம் தெரிந்து, ஏமாற்றிவிட்டீர்கள் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கோபம் நியாயமானது. அதனால் முதல் நாளே பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: இது கட்சி வேலை இல்லை, எந்தக் கொடியும் கிடையாது, எந்தத் தலைவரையும் திட்டவோ புகழவோ மாட்டோம், ஆனால் உங்கள் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது, அதற்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று உங்கள் பிள்ளை கேட்கக் கற்றுக்கொள்வாள், அதற்குப் பெயர் அரசியல்தான். இப்படிப் பச்சையாகச் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேரை விட்டுவிடுங்கள்.

யாரை, எத்தனை பேரை

12 முதல் 15 பேர். அதற்கு மேல் போனால் அது டூர். வயது 16 முதல் 22 வரை வைத்துக்கொள்கிறேன், பதினெட்டைத் தாண்டப் போகிறவர்களும் தாண்டியவர்களும் கலந்திருந்தால் பிற்பாடு மனு போடுவதற்கும் ஓட்டுப் பேச்சுக்கும் வசதி.

ஒரே பள்ளி, ஒரே அபார்ட்மென்ட் என்று எடுக்காதீர்கள். ஓ.எம்.ஆர். அடுக்குமாடியிலிருந்து நான்கு பேர், வியாசர்பாடியிலிருந்து நான்கு பேர், கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ நான்கு பேர் என்று கலந்தால் பாதிப் பாடம் தானாக நடந்துவிடும். பெரும்பாக்கத்தில் இருக்கும் குடும்பங்களில் பல, நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்து 'வெள்ள அபாயம்' என்று காரணம் சொல்லி அப்புறப்படுத்தப்பட்டவை. கொண்டுபோய் வைத்த இடமோ சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், மழை வந்தால் தண்ணீர் நிற்கிற இடம். இதை நீங்கள் விளக்கிச் சொல்வதற்கும், அந்தப் பிளாக்கில் வளர்ந்த ஒரு பெண் டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

போக்குவரத்துக்கு மாநகரப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால், நடத்துநர் வரும்போது பையன்கள் மட்டும் சில்லறை தேடுவார்கள். 'இவங்களுக்கு மட்டும் ஏன் ஃப்ரீ?' என்று ஒருவன் கட்டாயம் கேட்பான். விட்டுவிடாதீர்கள், அந்தச் சண்டை வேளச்சேரி வரைக்கும் ஓடட்டும். ஒரு அரசாணை எத்தனை பேரை பஸ்ஸில் ஏற்றும், எத்தனை ஸ்கூட்டியை வீட்டில் நிறுத்தும் என்று அவர்களே பேசி முடிக்கும்போது, பஸ் டிக்கெட்டும் காலநிலைக் கொள்கைதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது.

முதல் படி: வீட்டுச் சுவரில் இருந்து ஆரம்பியுங்கள்

பனிக்கரடியும் வேண்டாம், பனிப்பாறையும் வேண்டாம். முதல் வாரம் யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஒரு நோட்டு. 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கே வரைக்கும் வந்தது என்று வீட்டில் மூன்று பேரிடம், தெருவில் இரண்டு பேரிடம் கேட்டு, சுவரில் கோடு போட்டு, தரையில் இருந்து அளக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு இன்னொரு கோடு. வீடு மாறியிருந்தால் பழைய தெருவுக்குப் போய்க் கேட்கட்டும். வெள்ளமே வராத தெருவா, சரி, 2019 கோடையைக் கேளுங்கள்: பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். லாரிக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எத்தனை குடம், வரிசையில் நின்றது அம்மாவா அப்பாவா?

அடுத்த கேள்விதான் முக்கியம். என்னென்ன போனது, யார் வந்து பார்த்தார்கள், நிவாரணம் கிடைத்ததா? மிக்ஜாமுக்குக் கொடுத்த ஆறாயிரம் ரூபாயைப் பற்றிக் கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை வரும். ரேஷன் கார்டு வேறு முகவரியில் இருந்ததால் அல்லாடியவர், தண்ணீரே வராத மாடியில் இருந்துகொண்டு வாங்கியவர், டோக்கனுக்காக ஒரு நாள் கூலியை விட்டவர். ஒரு பையன் தன் பாட்டி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தான்: 'தண்ணி எல்லாருக்கும் ஒண்ணாத்தான் வந்துச்சு, வடியறதுதான் ஆளைப் பாத்து வடிஞ்சுது.' அவன் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்த ஸ்லைடுகளை அன்றைக்குத் திறக்கவே இல்லை.

இந்த அளவுகளை ஒரு பெரிய சென்னை வரைபடத்தில் குண்டூசி குத்தி வையுங்கள். அந்த வரைபடம் கடைசி வரைக்கும் சுவரில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: தண்ணீருக்குப் பின்னாலேயே நடப்பது

ஒரு சொட்டு மழை உங்கள் தெருவில் விழுந்தால் கடலுக்கு எப்படிப் போகும்? இதுதான் நடையின் பாதை. நான் அதிகம் போவது பள்ளிக்கரணை. உள்ளூரில் பழைய ஆட்கள் கழுவெளி என்று சொல்லும் அந்தச் சதுப்பு நிலத்துக்குக் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்கிறது; அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் தெற்கே கோவளம் பக்கம் போய்க் கடல். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம். அதே இடத்தில் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, நடுவில் கிழித்துக்கொண்டு போகும் பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் சாலை, சுற்றிலும் கல்லூரியும் ஆராய்ச்சி நிறுவனமும் அடுக்குமாடியும்.

காலை ஆறரைக்கு ரேடியல் சாலையில் நிறுத்துவேன். முதல் அரை மணி நேரம் போன் என் பையில். வேலை ஒன்றே ஒன்று: சாலையின் இந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் போக எத்தனை வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், எவ்வளவு அடைத்திருக்கிறது என்று எண்ணி வர வேண்டும். பூநாரையைப் பார்க்கும் ஆர்வத்தில் வந்த பிள்ளைகள் சிறுபாலத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆகாயத்தாமரையும் தெர்மாகோல் துண்டும் சோபாவின் ஒரு கையும் உள்ளே சொருகிக் கிடக்கும். ஒரு தடவை ஒரு பெண் டேப்பை வாய்ப்பக்கம் பிடித்து அளந்துவிட்டு, 'இந்த அகலம் எங்க வீட்டு கேட் அளவுதான் இருக்கு, இவ்ளோ ஏரித் தண்ணியும் இதுலயா போகணும்?' என்றாள். பூநாரை அன்றைக்கு வந்ததா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஒக்கியம் மடுவுப் பாலத்தில் முடித்துக்கொள்ளலாம். கால் வலி தாங்குகிறவர்கள் இருந்தால் பஸ் பிடித்து முட்டுக்காடு வரை.

வட சென்னைக்காரர்களுக்கு வேறு நடை. காலையில் மெரினா, பத்து மணிக்கு மேல் காசிமேடு தாண்டித் திருவொற்றியூர்க் கடற்கரை. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்ட ஆரம்பித்த சுவர், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகலமான மெரினா. வடக்கே கடல் ஊருக்குள் ஏறி ஏறிப் பாறாங்கல் கொட்டிய கரை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் உறைக்கும். கடல் மட்டம் உயர்கிறது என்று சொல்லும்போது, ஏற்கெனவே மணலை இழந்த கரைக்கு அது என்ன பொருள் என்று அங்கே நின்று கேளுங்கள்.

நடக்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இருந்தால் நுங்கம்பாக்கம், தி.நகர், மாம்பலம். ஏரியே இல்லாத இடத்தில் ஏரியின் பெயரில் சாலைகள் இருக்கும், அவற்றைத் தேடிப் பிடிப்பதே ஆட்டம். மயிலாப்பூர் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் தி.நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் மேல்.

சில நடைமுறை விஷயங்கள், இதில் எல்லாம் நான் சூடு பட்டிருக்கிறேன்: கழிப்பறை எங்கே என்று முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள், பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழுவது இதனால்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் யாரும் இருக்கக் கூடாது. ரெட் அலர்ட் நாளில் 'நேரடி அனுபவம்' என்று கிளம்பாதீர்கள், அது முட்டாள்தனம். அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஏரியிலோ எண்ணூர் முகத்துவாரத்திலோ யாரும் காலை வைக்க வேண்டாம். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்புறம், உங்களுக்கு வழிகாட்டும் மீனவருக்கோ குப்பைக் கிடங்குத் தொழிலாளிக்கோ ஒரு நாள் கூலி கொடுங்கள். வாடைக் காற்று எப்போது திரும்புகிறது, முன்னே எந்த மாசத்தில் எந்த மீன் பட்டது என்று அவர் சொல்வது நாற்பது வருஷப் படிப்பு. கல்லூரிப் பேராசிரியருக்குக் கவரில் வைத்துக் கொடுக்கிறோம், அவருக்கு ஒரு டீயோடு முடித்துக்கொள்கிறோம்.

மூன்றாம் படி: அன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள்

அனுபவவழிக் கற்றல் என்று பேசும்போது டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984-இல் எழுதிய சுழற்சியை எல்லாரும் சொல்வார்கள்: அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுப் புரிதல், அதைச் செய்து பார்ப்பது. நம் ஊரில் முதலாவதோடு நிறுத்திக் குரூப் போட்டோ எடுத்துவிடுகிறோம். இரண்டாவதை அன்று சாயங்காலமே செய்துவிட வேண்டும், ஒரு வாரம் தள்ளினால் பஜ்ஜி சாப்பிட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

வட்டமாக உட்காருங்கள். என்ன பார்த்தாய், எது உறுத்தியது, யாருடைய கையெழுத்து. முதல் இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு நிமிஷம், நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. மூன்றாவதுக்கு ஒரு சார்ட் பேப்பர். பார்த்த ஒவ்வொன்றையும் எழுதி, அதற்குப் பக்கத்தில் பொறுப்பான துறை. சிறுபாலம் யாருடையது, நெடுஞ்சாலைத் துறையா மாநகராட்சியா? கால்வாய் நீர்வளத் துறையா? சதுப்பு நிலம் வனத் துறை, கட்டட அனுமதி சி.எம்.டி.ஏ. என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமம், சாக்கடை குடிநீர் வாரியம், நிலப் பதிவேடு வருவாய்த் துறை. அரை மணி நேரத்தில் சார்ட் பேப்பர் சிலந்தி வலை மாதிரி ஆகிவிடும். ஆகட்டும். 'ஒரு தண்ணி போற வழிக்கு இத்தனை ஓனரா?' என்று ஒருவன் தலையில் கை வைப்பான்.

அந்த நேரத்தில் 'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்துப் போடுங்கள். சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது திட்டும் சொல். வரி விதிக்காமல் ஊருக்குப் பொதுவாக விட்டுவைத்த நிலம் என்பது அதன் பழைய பொருள், ஏரியும் மேய்ச்சலும் சுடுகாடும் அதில் அடக்கம் என்று சொல்லி, அரசின் இணைய நிலப் பதிவேட்டில் காலையில் நின்ற இடத்தின் சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவான இடம் வசவாக மாறின கதையை அவர்களே கோத்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு நேர்மை தேவை. எல்லா வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டாதீர்கள், அப்படிச் செய்தால் ஏரியில் பிளாட் போட்டவர்கள்தான் முதலில் சந்தோஷப்படுவார்கள். இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஒன்று இங்கே, ஏரிப்படுகையில் அனுமதி கொடுத்தவருடையது. இன்னொன்று தூரத்தில்: காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் அதிக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். அந்தச் சூட்டில் இந்தியரின் தலைக்குச் சராசரிப் பங்கு உலக சராசரியில் பாதிகூட இல்லை. ஆனால் அந்தச் சராசரிக்குள் ஐந்து ஏ.சி. ஓடும் வீடும் இருக்கிறது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே ஈரத்துணி போர்த்திக்கொண்டு படுக்கும் வீடும் இருக்கிறது. ஒரு சாதாரண வெப்பமானியை மே மாத மத்தியானம் இரண்டு வீட்டிலும் வைத்து அளந்து பாருங்கள், எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் எழுதினாலே போதும்.

நான்காம் படி: செம்பரம்பாக்கம் ராத்திரி

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலகக் காலநிலைப் பேச்சுவார்த்தையை நடித்துப் பார்க்கும் விளையாட்டுகள் இருக்கின்றன. என்-ரோட்ஸ் என்ற கணினி மாதிரியை இலவசமாகவே இணையத்தில் ஓட்டலாம். நிலக்கரிக்கு வரி போட்டால், காட்டைக் காப்பாற்றினால் 2100-இல் எத்தனை டிகிரி என்று உடனே காட்டும். நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அமெரிக்காவாகவும் ஐரோப்பாவாகவும் நடித்த பிள்ளைகள் அடுத்த நாள் கவுன்சிலரிடம் பேசக் கூச்சப்படுவதைப் பார்த்த பிறகு, உள்ளூர் விளையாட்டு ஒன்றை நாங்களே செய்துகொண்டோம்.

2015 டிசம்பர் 1. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அன்று இரவு வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்தார்கள். பின்னால் வந்த தணிக்கைத் துறை அறிக்கை அதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது. இதை எல்லாம் விளையாட்டு முடிகிறவரை பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

சீட்டு எழுதிக் குலுக்கி வேஷம் கொடுங்கள்: ஏரிப் பொறியாளர், அவருக்கு மேலே உத்தரவு கொடுக்கும் அதிகாரி, அவருக்கும் மேலே ஒருவர், வானிலை மையம், மாவட்ட நிர்வாகம், கோடைக்குத் தண்ணீர் வேண்டும் என்று கவலைப்படும் குடிநீர் வாரியக்காரர், முடிச்சூரில் லோன் போட்டு வீடு வாங்கியவர், சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருக்கும் பெண், டி.வி. நிருபர். பத்து நிமிஷம் ஒரு சுற்று, ஒரு சுற்று என்றால் கதையில் இரண்டு மணி நேரம், மொத்தம் எட்டுச் சுற்று, காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து நள்ளிரவில் முடியும். ஏரி 22 அடியில் தொடங்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மழைச் சீட்டை எடுக்க வேண்டும்: கால் அடி, அரை அடி, ஒன்றுமில்லை. மதகைக் கொஞ்சம் திறந்தால் ஆற்றோர வீடுகள் சில முழுகும், நிறையத் திறந்தால் நிறைய, திறக்காமலே விட்டால் 24-ஐத் தாண்டியதும் கரைக்கு ஆபத்து, எல்லாம் முழுகும். சீக்கிரமே திறந்துவிட்டு மழை நின்றுபோனால் கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை, அதற்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

விதி ஒன்றுதான்: மதகு திறக்க மூன்று கையெழுத்து வேண்டும், வாயால் சொன்னது செல்லாது. மேலதிகாரி வேஷக்காரர்களைப் பக்கத்து அறையில் உட்கார வையுங்கள், காகிதத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். சைதாப்பேட்டைப் பெண்ணுக்கு அந்த அறைக்குள் போக அனுமதி இல்லை.

நாலாவது சுற்றுக்கு மேல் அறையில் வியர்த்துவிடும். ஒரு முறை பொறியாளராக இருந்த பையன் 23 அடியில் திறக்கலாம் என்று எழுதி அனுப்ப, அடுத்த அறையில் 'இன்னொரு ரிப்போர்ட் வாங்கிட்டு வா' என்று திருப்பி அனுப்ப, அதற்குள் மழைச் சீட்டு அரை அடி. சைதாப்பேட்டைப் பெண்ணாக இருந்தவள் வாசலில் நின்று, 'திறங்க, திறக்காதீங்க, எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லுங்க!' என்று கத்தினாள். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்குச் சொல்வது யார் வேலை என்று யாருடைய சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. நான் வேண்டுமென்றே விட்டது இல்லை அது, மறந்து விட்டது. இப்போதும் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.

முடிந்ததும் உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள். வில்லன் யார் என்று கேட்பார்கள், உடனே பதில் சொல்ல வேண்டாம். குழுவில் யாராவது அந்த வெள்ளத்தில் ஆளை இழந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிட்டுத்தான் இதை ஆட வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஐந்தாம் படி: கதவைத் தட்டுவது

இதுவரை செய்த எல்லாமே இதற்காகத்தான். சார்ட் பேப்பரிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள். 'பள்ளிக்கரணையைக் காப்போம்' பெரிது. 'எங்கள் தெரு முனைச் சிறுபாலம்' சரியான அளவு. ஆறு மாதத்தில் ஆம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய அளவு.

முதலில் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு அழைத்துப் புகார், எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது மூடப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். வேலை நடந்ததா என்று போய்ப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும்.

அடுத்து கவுன்சிலர். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு, உங்கள் வார்டு எண் தெரியாத பெரியவர்களே அதிகம். மூன்று பேர் மட்டும் போகட்டும், ஒரு பக்கக் கடிதம், ஒரு படம், ஒரு கோரிக்கை. அக்கா என்றோ அண்ணே என்றோ மேடம் என்றோ வாயில் வருவதைச் சொல்லட்டும், பணிவாக இருக்கட்டும், ஆனால் நின்றுகொண்டு பேச வேண்டாம், உட்காரச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் பிள்ளைகளிடம் முதல் கேள்வியாக வந்தது, 'நீங்க எந்தக் கட்சி?' அதற்கு ஒத்திகை பார்த்துவிட்டுப் போங்கள். அங்கிருந்த பொறியாளர் ஒருவர் அந்தச் சிறுபாலம் எங்களது இல்லை, அந்தத் துறையினுடையது என்றார். குழுவிலேயே வாயில்லாப்பூச்சி என்று நாங்கள் நினைத்திருந்த பையன் நோட்டைப் பிரித்து, 'அங்க போனோம் சார். அவங்க உங்களுதுன்னு சொன்னாங்க, செவ்வாக்கிழமை பதினொன்றரைக்கு' என்றான். தேதி, நேரம், பதவி. இந்த மூன்றையும் குறித்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் பிள்ளை தேறிவிட்டது.

ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது, கிராம சபை மாதிரி வார்டுக்குள் மக்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தொடங்கியது. எப்போது நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். போனால் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பெறுநர் பொதுத் தகவல் அலுவலர், விரைவுத் தபால் (பழைய பதிவுத் தபால் 2025-இல் இதோடு சேர்ந்துவிட்டது). சட்டத்தில் வயது வரம்பு இல்லை, இருந்தாலும் பதினெட்டு ஆனவர் பெயரில் போடுவது நிம்மதி. முதல் முறை எழுதும் எல்லாரும் செய்யும் தப்பு, 'ஏன் தூர்வாரவில்லை?' என்று கேட்பது. ஏன் என்பதற்குப் பதில் வராது. காகிதத்தைக் கேளுங்கள்:

'இன்ன தெருவும் இன்ன சாலையும் சந்திக்கும் இடத்திலுள்ள மழைநீர் வடிகால் கடந்த மூன்று நிதியாண்டுகளில் தூர்வாரப்பட்ட தேதிகள், ஒவ்வொரு பணிக்கும் வழங்கிய பணி ஆணையின் நகல், வழங்கப்பட்ட தொகை, அளவீட்டுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்களின் நகல் ஆகியவற்றை வழங்கவும்.'

அளவீட்டுப் புத்தகத்தைத் துறையில் எம் புக் என்பார்கள். எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, அதன் பேரில் பில் பாஸ் ஆகும் புத்தகம். அந்த ஒரு சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான் செய்த பெரிய காரியங்களில் ஒன்று. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது மழுப்பலாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு.

பெரிய திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். சுருக்க அறிக்கையைத் தமிழில் எடுத்துப் படிக்கும் பயிற்சியை ஒரு சனிக்கிழமை வையுங்கள். மொழி ஒரு சின்ன விஷயமே இல்லை: 2050-இல் கரியுமிழ்வை நிகர பூஜ்ஜியம் ஆக்குவோம் என்று சொல்லி 2023-இல் வெளியான சென்னைக் காலநிலைச் செயல்திட்டத்தின் வரைவு, 2022-இல் கருத்துக் கேட்டு வந்தபோது முதலில் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. கேட்டபிறகுதான் தமிழ் வந்தது. கேட்டால் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஓட்டு

சுருக்கமாக. 18 ஆனதும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தகுதித் தேதிகள், 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மாநகராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும்; 2022-இல் மேயரான ஆர். பிரியாவுக்கு அப்போது 28. இதைச் சொல்லும்போது குழுவில் யார் கண் அகலமாகிறது என்று கவனியுங்கள். தேர்தல் சமயத்தில் எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் அதே சிறுபாலக் கேள்வியை எழுத்தில் கொடுத்து, பதிலையும், பதில் கொடுக்காதவர் பெயரையும் தெருவில் ஒட்டலாம்.

தெருவில் இறங்குவது பற்றி

2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்த பட்டாளத்தைப் பார்த்த பிறகும் இளைஞர்களுக்கு அரசியல் ஆர்வம் இல்லை என்று சொல்பவர்களை என்ன செய்வது. அதற்கப்புறம் மெரினாவில் கூட்டம் சேர விடுவதில்லை. நகரத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் போலீஸ் அனுமதிக்கு முன்கூட்டியே மனு கொடுத்து, ஒதுக்கிய இடத்தில், பெரும்பாலும் வள்ளுவர் கோட்டத்துப் பக்கம். ஏரியைக் காப்பாற்று என்று ஏரியின் மேலேயே நின்று கத்துவோம். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களை நான் கூட்டிப்போவதில்லை. 2021 பிப்ரவரியில் பெங்களூருவில் திஷா ரவி என்ற 22 வயதுக் காலநிலைச் செயல்பாட்டாளர் விவசாயிகள் போராட்டத்தை ஆதரிப்பது எப்படி என்று சொல்லும் ஒரு டூல்கிட் ஆவணத்துக்காகக் கைதாகி, பத்து நாள் கழித்து ஜாமீனில் வந்தது பெற்றோர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். அனுமதி, வழக்கறிஞர் எண், யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல், எத்தனை மணிக்குக் கலைவோம், நான்கும் முடிவான பிறகே கிளம்புங்கள்.

காத்திருப்பது

மனு போட்ட பிறகு வரும் மாதங்களில்தான் குழு உடையும். அந்த இடைவெளிக்கு வேலை வைத்திருங்கள். பள்ளிக் கூரையின் பரப்பை அளக்கச் சொல்லுங்கள்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர், சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், ஆக நூறு சதுர மீட்டர்க் கூரைக்கு 1,40,000 லிட்டர், அது இப்போது எங்கே போகிறது, மழைநீர் சேகரிப்புக் குழி உண்மையில் இருக்கிறதா, இல்லை பெயின்ட் அடித்த குழாய் மட்டுமா? மாதம் ஒரு முறை எல்லாரும் கூடுவது கட்டாயம். அடுத்த குழுவுக்கு இந்தக் குழுதான் பாடம் எடுக்க வேண்டும், நீங்கள் இல்லை.

நாங்கள் ஒரு வடிகால் பற்றிப் போட்ட மனுவுக்கு, ஒரு துறையிலிருந்து, மேல்முறையீட்டுக்குப் பிறகு, ஏழு பக்கம் ஜெராக்ஸ் வந்தது. கவரைப் பிரித்தவள் டேப் வைத்து அளந்த அதே பெண். எம் புக் பக்கத்தை மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்தி, வரைபடத்தைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். அந்த வடிகாலில் சேறு அள்ளி முடித்ததாகப் போட்டிருந்த தேதி 4.12.2023. மிக்ஜாம் நாள். அன்றைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று எங்கள் சுவரில் குண்டூசி குத்தியிருந்தது, மூன்று அடி இரண்டு அங்குலம். ஒரு நிமிஷம் யாருக்கும் பேச்சு வரவில்லை, அப்புறம் ஒருவன் 'முங்கி முங்கி அள்ளியிருப்பாங்களோ' என்று சொல்ல, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவள் சிரித்து முடித்துவிட்டுப் பக்கத்தின் அடியைக் காட்டினாள். கையெழுத்து இருந்தது, ஆனால் படிக்க முடியவில்லை, கோழி கிளறின மாதிரி ஒரு கோடு. அடுத்த மனுவை அன்றைக்கே எழுதிவிட்டார்கள். 'மேற்படி பக்கத்தில் கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும்' என்று ஒரே வரி, பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, மறுநாள் பதிவுத் தபாலில்.